அடைகாக்கும் பெட்டியும் அம்மாவின் நெஞ்சும்

நாமக்கல் முட்டையைப் பற்றிக் கேள்விப்படாதவர் தமிழ்நாட்டில் உண்டா? ராசிபுரம், நாமக்கல் பக்கத்து நண்பர்கள் குஞ்சு பொரிப்பகத்தை நேரிலேயே பார்த்திருக்கலாம். அங்கே தாய்க்கோழி கிடையாது. ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்பட்ட முட்டைகளிலிருந்து 21 நாளில் குஞ்சுகள் வெளிவருகின்றன. மருத்துவமனையில் குறைமாதக் குழந்தையை வைக்கிறார்களே, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கும் இதற்கும் உறவு உண்டு!

பாரிஸ் நகர மகப்பேறு மருத்துவர் ஸ்டெஃபான் டார்னியே, மிருகக்காட்சி சாலையில் குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டார். 'இதே முறையில் குழந்தையையும் காக்கலாமே' என்று அவருக்குத் தோன்றியது. 1880இல் தம் மருத்துவமனையில் அத்தகைய பெட்டியை வைத்தார். அதற்கு முன் 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளில் 100க்கு 66 இறந்துகொண்டிருந்தன. பெட்டி வந்தபின் அது 38 ஆகக் குறைந்தது.

வெப்பம் ஏன் அவ்வளவு முக்கியம்?

ஒரு சிறு டம்ளரிலும் ஒரு பெரிய குண்டாவிலும் வெந்நீர் ஊற்றி வையுங்கள். (வீட்டுப் பெரியவர்களைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.) எது முதலில் ஆறும்? டம்ளர்தான். சிறிய பொருளுக்கு அதன் பருமனோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். எனவே வெப்பம் விரைவில் வெளியேறுகிறது. குழந்தைக்கும் இதே விதிதான்.

37 வாரம் நிறைவதற்குள் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். அதன் உடல் சிறியது, தோல் மெல்லியது, தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. குளிரெடுத்தால் நம்மைப்போல் நடுங்கி வெப்பம் உண்டாக்கவும் அதற்கு இயலாது. உலகில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று குறைமாதக் குழந்தையே.

பெட்டி செய்த பிழை

பெட்டி குழந்தையைக் காத்தது. ஆனால் தாயையும் சேயையும் பிரித்தது. டார்னியேக்குப் பின் வந்த பியர் புடேன் இதைக் கவனித்தார். குழந்தையைப் பார்க்காத தாய்க்குப் பால் வற்றிவிடுகிறது, ஒட்டுதலும் குறைகிறது. எனவே தாய்மார்கள் உள்ளே வந்து பாலூட்ட வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். ஆனாலும் பின்வந்த காலத்தில், நோய்க்கிருமி பரவும் என்ற அச்சத்தால், பல நாடுகளில் பெற்றோரை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

இந்நிலையை மாற்றியது எது தெரியுமா? பற்றாக்குறை! 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் பெட்டிகள் போதவில்லை. மருத்துவர் எட்கர் ரே, குழந்தையைத் தாயின் வெறும் மார்பின்மேல் நிமிர்ந்த நிலையில் வைத்துத் துணியால் கட்டச் சொன்னார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்து வளர்ப்பதுபோல் இருந்ததால் இதற்குக் 'கங்காரு தாய் பராமரிப்பு' என்று பெயர் வந்தது. 1979இல் எஸ்தோனியாவின் தாலின் நகரில் செவிலியர் போதவில்லை. மருத்துவர் ஆடிக் லெவின், தாய்மார்களையே குழந்தைகளைக் கவனிக்கச் செய்தார்.

இந்தியாவும் இதில் பங்கு பெற்றது. தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட 5 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள குழந்தைகளை ஆராய்ந்தார்கள். உடல்நிலை சீரான பிறகே நெஞ்சில் சேர்த்த குழந்தைகளில் 100க்கு ஏறக்குறைய 16, 28 நாளுக்குள் இறந்தன. பிறந்தவுடனேயே சேர்த்தவர்களில் அது 12 ஆக இருந்தது. மூச்சுவிடத் திணறும் குழந்தைக்கு இன்றும் கருவி வேண்டும். ஆனால் கருவி மட்டும் போதாது என்பது உறுதியாயிற்று.

பெற்றோருக்கு என்ன வேண்டும்?

ராசிபுரத்தில் ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறந்து, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு உடல்வலி. அப்பாவுக்குப் பஸ்ஸிலும் வாசலிலும் பொழுது போகிறது. உள்ளே கருவி 'பீப், பீப்' என்று கத்தும்போதெல்லாம் இருவருக்கும் நெஞ்சு பதைக்கிறது. அந்த ஒலி எதற்கு என்று செவிலியர் இரண்டு வார்த்தை சொன்னால் பாதி அச்சம் நீங்கும். கைகழுவி உள்ளே வரவும், குழந்தையைத் தொடவும், நெஞ்சில் வைக்கவும் கற்றுக்கொடுத்தால் அவர்கள் சிகிச்சையில் பங்காளிகள் ஆகிறார்கள். 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் இதற்கென்றே வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. அப்பாவும் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். அவர் உடம்பிலும் அதே வெப்பம்தானே!

பாலும் அப்படித்தான். பால் எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். மனம் கலங்கினால் வெளிவருவது தடைப்படும். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சையும் இணைத்துச் செய்யத் தெரியாது. முதலில் குழாய் வழியே தாய்ப்பால் கொடுப்பார்கள். பிறகு என்ன தெரியுமா? நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடைதான்! நன்கு கழுவிக் கொதிக்கவைத்த பாலாடையை மருத்துவமனைகளே பயன்படுத்துகின்றன.

நாம் செய்யக்கூடியது

'கிரகணத்தன்று வெளியே போனாள், அதனால்தான்' என்று தாயைப் பழிப்பவர்கள் உண்டு. கிரகணம் என்பது நிழல் மட்டுமே. இரட்டைக் கரு, உயர் ரத்த அழுத்தம், நோய்த்தொற்று முதலியவையே காரணங்கள். பல சமயம் காரணம் புலப்படுவதே இல்லை. 'ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை பிழைக்காது' என்பதும் தவறு. கருப்பையில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிமை தருகிறது.

உங்கள் தம்பியோ தங்கையோ இப்படி மருத்துவமனையில் இருந்தால், நீங்களும் பயப்படலாம், அதில் வெட்கமில்லை. பயத்தைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அடுத்த வீட்டில் இப்படி நேர்ந்தால், ஒரு தூக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கவும், அவர்கள் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் உங்களால் முடியும். அந்த அம்மா குழந்தையின் அருகில் இன்னும் ஒரு மணி நேரம் இருக்க அது உதவும்.