நீல இரத்தத்தின் காவற்படை

இறாலை உரிக்கும்போது சிலவற்றின் ஓட்டில் கரும்புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். அழுக்கு என்று தேய்த்தாலும் போகாது. பல வேளைகளில் அது, இறாலுக்கும் பாக்டீரியாவுக்கும் நடந்த போரின் தழும்பு!

தட்டம்மை நமக்கு ஒருமுறை வந்தால் பெரும்பாலும் மறுபடி வருவதில்லை. அக்கிருமிக்கென்றே எதிர்ப்பொருள்களை உண்டாக்க நம் உடல் கற்றுக்கொள்கிறது. இறாலுக்கோ எதிர்ப்பொருள் என்பதே கிடையாது. ஆனால் அது வாழும் நீரெங்கும் பாக்டீரியாக்கள். பின் எப்படிப் பிழைக்கிறது?

இறாலின் இரத்தத்தில் இரும்புக்குப் பதில் தாமிரம் இருக்கிறது. ஆகவே அது ஆக்சிஜனைச் சுமக்கும்போது இளநீலமாகத் தோன்றும். அந்த இரத்தம் குழாய்களுக்குள் மட்டும் ஓடுவதில்லை. வெளியேறி உறுப்புகளை நனைக்கிறது. எனவே காயம் பட்டால் முதல் வேலை இரத்தத்தை உறையவைப்பதே. இரத்த அணுக்கள் வெளிவிடும் ஒரு நொதி, இரத்தப் புரதங்களைப் பின்னி வலையாக்குகிறது. கிருமிகள் அதில் சிக்குகின்றன.

அடுத்து, அடையாளம் காணுதல். பாக்டீரியாவின் சுவரிலுள்ள சில பொருள்கள் இறாலின் உடலில் இல்லாதவை. அவற்றை உணரும் புரதங்கள் எச்சரிக்கை தருகின்றன. சில அணுக்கள் கிருமியை விழுங்குகின்றன. கிருமிகள் மிகுந்தால் பல அணுக்கள் கூடி, அடுக்கடுக்காகப் போர்த்திச் சிறைவைக்கின்றன. இன்னும் சில, தம்முள் சேமித்த மணிகளைக் கொட்டுகின்றன. அவற்றில் உறங்கிக் கிடந்த பீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி விழித்தெழுகிறது. அது உண்டாக்கும் நச்சுப்பொருள்கள் கிருமியைத் தாக்கி, இறுதியில் மெலனினாக மாறுகின்றன. நம் தலைமயிருக்குக் கருமை தரும் அதே நிறமிதான்! பிடித்த இறாலை ஐஸில் வைக்காவிட்டால் கறுத்துப்போவதும் இந்த நொதியால்தான். இவை தவிர, கிருமியைக் கொல்லும் பீனைடின் என்ற சிறு புரதங்களும் இரத்த அணுக்களில் இருப்பது 1997-இல் தெரியவந்தது.

இந்தப் படை முழுதும் இருப்பது இரத்தத்தில். பகைவன் இரத்தத்துக்கே வராவிட்டால்?

அப்படியே நடந்தது. 2009-இல் சீனாவிலும், பின்னர் வியட்நாமிலும், 2012-இல் தாய்லாந்திலும் பண்ணை இறால்கள், குஞ்சு விட்ட முதல் மாதத்திற்குள்ளேயே கூட்டங்கூட்டமாக மடிந்தன. காரணம் விப்ரியோ இனப் பாக்டீரியா ஒன்று என்று அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்டு லைட்னர் குழுவினர் 2013-இல் கண்டறிந்தனர். அது இறாலின் வயிற்றில் தங்கி, நஞ்சை மட்டும் அனுப்புகிறது. கல்லீரல், கணையம் இரண்டின் வேலையையும் செய்யும் சுரப்பியின் அணுக்கள் அந்த நஞ்சால் உதிர்கின்றன. சுரப்பி வெளிறிச் சுருங்கிவிடுகிறது. காவற்படை கிருமியைச் சந்திக்கும் நேரத்தில் காரியம் கைமீறிவிடும். அந்நஞ்சுக்குரிய மரபணுக்கள் ஒரு தனி வளையத்தில் அமைந்துள்ளன. அவ்வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவும் கூடும் என்பதுதான் கவலைக்குரியது.

எதிர்ப்பொருள் இல்லாத பிராணிக்கு நமக்குப் போடுவதுபோன்ற தடுப்பூசி பயன்படாது. ஆகையால் குளத்தில் விடுமுன்பே குஞ்சுகளில் அந்த மரபணு உள்ளதா என்று சோதிக்கிறார்கள். நீரில் ஆக்சிஜன் குறைந்தாலோ இறாலின் இரத்த அணுக்களும் குறைந்துவிடும். இரவில் பாசிகளும் ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்க்கும் அல்லவா? அதனால்தான் பண்ணைகளில் காற்றூட்டும் சக்கரங்கள் விடியும்வரை சுழல்கின்றன.