மகாவலியும் வேடரும்

பேராதனைப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கீழே ஓடும் மகாவலியை நான் எட்டிப் பார்ப்பதுண்டு. 335 கிலோமீற்றர் நீளமான இந்நதி கண்டியை வளைந்து மகியங்கனைக்கு இறங்குகிறது. அதற்கு அப்பால், தம்பானையில் வாழும் வேடர்கள் தம்மை 'வன்னியல எத்தோ', அதாவது வனத்து மக்கள் என்பர்.

மகாவலி அபிவிருத்தித் திட்டத்தால் அவர்களது காடுகள் வயல்களாகவும் நீர்த்தேக்கங்களாகவும் மாறின. எஞ்சிய வேட்டைக்காட்டின் பெரும்பகுதி 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்காவாகியது. நீரேந்து பிரதேசத்தையும் விலங்குகளையும் காப்பதே நோக்கம். ஆனால், பாட்டன் வேட்டையாடிய இடத்தில் பேரன் குற்றவாளியானான். 1996இல் அவர்களின் குரல் ஜெனீவாவில் ஐ.நா. கூட்டம்வரை சென்றது.

நேயர்களே, மகாவலி தரும் மின்சாரத்தில் விளக்கேற்றும் நாம், அந்தக் காட்டுக்குரியவர்களையும் நினைக்க வேண்டாமா?