ஒரு பெட்டி முடிந்தபின்

பனையோலைப் பெட்டியின் வாயை மடித்து, மீந்து நிற்கும் நுனிகளை உட்புறப் பின்னலுக்குள் செருகி, நறுக்க வேண்டியதை நறுக்கி, பெட்டியைக் கவிழ்த்துத் தரையில் ஒருமுறை தட்டிப் பார்க்கிறபோது, முடைகிறவர் மனத்தில் சந்தோஷத்தைக் காட்டிலும் முந்திக்கொண்டு வருவது, அடுத்தபடியாக என்ன முடைவது என்ற யோசனைதான். கம்பளி நூலும் இரண்டு ஊசிகளுமாக ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கும் இந்த யோசனை உண்டு. 1962-ஆம் வருஷத்துச் சீன யுத்தத்தின்போது, எல்லையில் குளிரிலிருந்த ஜவான்களுக்காக ஸ்வெட்டர் பின்னி அனுப்பிய நம் தேசத்துப் பெண்களுக்கு, ஒன்று முடிந்தால் அடுத்ததும் ஸ்வெட்டரே என்றிருந்ததால், அந்த யோசனை சிறிது காலம் இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் கம்பளிக்கு ஒரு சௌகரியம் உண்டு. பின்னியது பிடிக்காவிட்டால் உருவி, உருண்டையாகச் சுற்றி வைத்துக்கொண்டு, அதே நூலில் வேறொன்றைத் தொடங்கிவிடலாம். ஓலையில் ஒருமுறை விழுந்த மடிப்பு விழுந்ததுதான். அதை நிமிர்த்தி மறுபடி முடையப் போனால் மடிந்த இடத்திலேயே கீறிக்கொள்ளும். ஆகையால் ஓலை முடைகிறவர், தொடங்குவதற்கு முன்பே தீர்மானம் செய்தாக வேண்டும்.

பார்த்திபனூரிலிருந்து கமுதிக்குச் செல்லும் சாலையில் உள்ள அபிராமத்தையும், அதற்குத் தெற்கே முதுகுளத்தூர், சாயல்குடி என்று கடற்கரை வரை விரிந்து கிடக்கும் பூமியையும் பார்த்தவர்களுக்கு, இந்தத் தொழில் இங்கே ஏன் வேரூன்றியது என்பதை விளக்க வேண்டிய அவசியமில்லை. வானம் பொழிந்தால் கண்மாய் நிறையும். பொழியாவிட்டால் சீமைக் கருவேலத்தோடு போட்டி போட்டுக்கொண்டு நிலைத்து நிற்பது பனை ஒன்றே. 1978-இல் பனையைத் தமிழ்நாட்டின் மாநில மரமென்று அரசாங்கம் அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சீமையார் அதைத் தங்கள் குடும்பத்தில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மரமோ மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு குருத்துத்தான் விடும். ஆசைப்பட்டு அடிக்கடி குருத்தை அறுத்தால் மரம் நலிந்துபோகும். முடைகிறவருடைய முதல் கட்டுப்பாடு, பார்க்கப்போனால், மரம் விதிப்பதுதான்.

அறுத்த குருத்தை வெயிலில் காயவைத்து, பசுமை நீங்கி வெளுத்தபின், நடுவிலுள்ள ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, கத்தி முனையால் ஒரே அகலத்தில் கிழித்து வார வேண்டும். வார்ந்த ஓலையை முடைவதற்குச் சற்று முன்னால் நீர் தெளித்துப் பதப்படுத்தாவிட்டால் அது கைக்கு வளையாது. இந்த வார்தலில்தான் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அகலமாக வார்ந்தது தானியம் போட்டு வைக்கும் பெரிய பெட்டிக்கு ஆகும். நடுத்தரமானது மிளகாய்ப் பழம் பறிக்கிற பெட்டிக்கும் கருப்பட்டி அடுக்குகிற பெட்டிக்கும். மெல்லியது கொட்டான் என்கிற சிறு பெட்டிக்கும் வெற்றிலைப் பெட்டிக்கும். அகலத்தை மெல்லியதாக்கலாமே தவிர, மெல்லியதை அகலமாக்க முடியாது. எனவே பெரிய பெட்டியிலிருந்து சிறிய பெட்டிக்கு இறங்கிவருவது சுலபம். ஏறிச்செல்ல வேண்டுமானால் புதிய குருத்துக்குக் காத்திருக்க வேண்டும். "ஆத்தா, அடுத்து என்ன மொடையப் போறிக?" என்று கேட்டால், "மிச்சம் கெடக்குற ஓலையைப் பாத்துத்தான்யா சொல்லணும்" என்று ஒரு மூதாட்டி பதில் சொல்வது அடக்கத்தினால் அன்று, அது கணக்கு. அந்த மிச்சத்திலும் மிச்சமாக எதற்கும் உதவாதென்று ஒதுங்கும் நறுக்குகளில், உள்ளே இரண்டு சிறு கற்களை வைத்து முடைந்த கிலுகிலுப்பை வீட்டுக் குழந்தைக்குப் போய்ச் சேரும்.

பருவமும் இதில் குறுக்கிடும். பாளை சீவத் தொடங்கும் மாசி, பங்குனியில் பனையேறுகிறவர் மரத்தைச் சுத்தம் செய்து கழிக்கிற ஓலை தாராளமாகக் கிடைக்கும். அதே சமயத்தில் கருப்பட்டிக்குப் பெட்டி வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாயும் அப்போதுதான் கொல்லையில் சிவந்து நிற்கும். அந்த மாதங்களில் முடைகிறவருக்குத் தம்மிஷ்டம் என்பது கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று பட்டு ஓலையில் பூஞ்சணம் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில்தான், ஒரு வரிசைக்கு மட்டும் ஊதா ஓலை சேர்க்கலாமா, மூடி வைத்த பெட்டியாகச் செய்யலாமா என்றெல்லாம் எண்ணிப் பார்க்க அவகாசம் உண்டாகிறது. சாயப்பொடி கரைத்த கொதிநீரில் ஓலையை வேகவைக்கிற வேலையும் அப்போதுதான் நடக்கும்.

அண்டையிலுள்ள செட்டிநாட்டில் இதே ஓலை வேறொரு அந்தஸ்தைப் பெற்றது. கல்யாணங்களிலும் மற்ற விசேஷங்களிலும் கொடுப்பதற்குரிய கொட்டான்களுக்கு, ஆச்சிமார் குரோஷா ஊசியால் நூல் உறை பின்னி, மணி கோத்து அலங்கரித்தார்கள். பனையும் பருத்தி நூலும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்த அந்த வேலைப்பாடு கண்ணுக்கு இனியதுதான். ஆயினும் ஓலையின் நிறத்தை மறைக்கிற அளவுக்கு உறை போடுவது எனக்கு அவ்வளவாக உகக்கவில்லை. பிளாஸ்டிக் வாளியும் கூடையும் வந்தபின் மங்கிப்போயிருந்த கொட்டான் தொழில் பிற்பாடு புத்துயிர் பெற்று, புவிசார் குறியீடும் அடைந்திருக்கிறது.

2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது; 2021-இல் கலெக்டர் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாதென்றும் ஆயிற்று. நகரத்துக் கடைகளும் தாம்பூலப் பைக்குப் பதிலாக ஓலைப்பெட்டி கொடுக்க விரும்பும் கல்யாண வீட்டாரும், ஒரே அளவில் இத்தனை வேண்டுமென்று ஆர்டர் கொடுக்கிறார்கள். அடுத்தது என்ன என்ற கேள்வி இவ்விதமாக முடைகிறவர் கையைவிட்டு நீங்கிவிட்டதே என்று சிலர் வருத்தப்படுவதுண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. கருப்பட்டிக் காலத்திலும் அது அவர் கையில் இருந்ததில்லை, தவிரவும் நிச்சயமான கூலி அலட்சியம் செய்யத் தக்கதன்று. என் குறை வேறு. கூலி பெட்டிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. ஆனால் ஒரு பெட்டி முடிந்து மறு பெட்டிக்கு அடி போடுவதற்குள், குருத்தைக் காயவைத்து, ஈர்க்கு உரித்து, அகலம் பார்த்துத் தரம் பிரித்து வார்ந்து வைக்கிற பொழுது முழுவதும் அந்தப் பேரத்தில் இடம்பெறுவதில்லை. ஆர்டர் கொடுக்கிறவர்கள் பெட்டியைக் கையிலெடுத்துப் பார்ப்பதோடு, ஒரு காலை வேளையாவது ஓலை வார்கிற இடத்தில் உட்கார்ந்திருந்து, பிறகு விலை பேசலாம்.