படம் பார்க்கும்போது கம்ப்யூட்டர் ஃபேன் இரையுதா? வாங்கும் முன் இதைப் பாருங்க!

படத்தில் யாருமே பேசாத காட்சி. அப்போதுதான் டிவிக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டரின் ஃபேன் சத்தம் காதில் விழும். இதைத் தவிர்ப்பது எப்படி?

ஃபேன் வேகமாகச் சுற்றக் காரணம் சூடு. அதனால் அதிகம் சூடாகாத பிராசஸரைத்தான் முதலில் தேடணும். 2023-ல் வந்த இன்டெல் என்100 வெறும் 6 வாட் ரகம். எச்இவிசி, ஏவி1 வகை 4கே வீடியோக்களை ஓட்ட அந்தச் சிப்புக்குள்ளேயே தனிப் பகுதி இருக்கு. அது இல்லாத பழைய சிப் என்றால் மொத்த பாரமும் பிராசஸர் தலையில்தான். ஃபேன் அலற ஆரம்பிச்சிடும். படம் பார்க்க மட்டும்னா தனி கிராபிக்ஸ் கார்டு தண்டச் செலவு. கூடவே இன்னொரு ஃபேனும் வந்து சேரும்.

ஃபேனே இல்லாத மாடல்களும் உண்டு. பெட்டியின் உலோக உடம்பே சூட்டை வெளியேற்றும். ஆனால் மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் திணித்தால், சூடு தாங்காமல் சிப் தானாகவே வேகத்தைக் குறைக்கும், படம் திக்கும்.

ஃபேன் வேணும்னா பெரிசா இருக்கட்டும். 120 மி.மீ. ஃபேன் மெதுவாகச் சுற்றித் தரும் காற்றுக்கு, சின்ன ஃபேன் பலமடங்கு வேகமாகச் சுற்றணும். ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும்.

ஹார்டு டிஸ்க்கும் இரையும். எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே கிடையாது.

எச்டிஎம்ஐ போர்ட் 2.0-வா என்றும் பாருங்க. 1.4 என்றால் 4கே-யில் நொடிக்கு 30 ஃபிரேம்தான். சினிமாவுக்கு அது போதும், கிரிக்கெட்டுக்குப் பத்தாது.