மலைச்சாலையில் மரப்பாலம்: வண்டியை எப்படிக் கடத்துவது?

இமாசலத்திலோ உத்தராகண்டிலோ மலையேறிப் போனால், ஏதோ ஒரு வளைவில் தார்ச்சாலை முடிந்து மரப்பலகை பரப்பிய பாலம் எதிரே நிற்கும். கீழே ஆறு இரையும். காரை ஏற்றலாமா?

பெரும்பாலும் ஏற்றலாம். இவற்றில் பல பெய்லி பாலங்கள் (இரும்புச் சட்டங்களைக் கோத்து விரைவாக எழுப்புபவை). இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலப் பொறியாளர் வடிவமைத்தவை. 2024 நிலச்சரிவுக்குப் பின் வயநாட்டில் ராணுவம் கட்டியதும் இதே வகைதான். பாரத்தைத் தாங்குவது இரும்பு. பலகை, சக்கரம் உருளும் தளம்.

பலகை தடதடக்கிறதே? ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் மரம் நாளடைவில் தளர்ந்து ஓசை எழுப்பும். அதற்குப் பயந்து நடுப்பாலத்தில் பிரேக் அடிக்காதீர்கள்.

பயப்பட வேண்டியது எடைக்குத்தான். தாங்கும் அளவு பாலத்தின் முகப்பில் டன் கணக்கில் எழுதியிருக்கும். 2020 ஜூனில் உத்தராகண்டின் முன்சியாரி அருகே, 18 டன் தாங்கும் பாலத்தில் மண் அள்ளும் இயந்திரத்தை ஏற்றிய லாரி போனது. மொத்த எடை 26 டன். பாலம் முறிந்து விழுந்தது. உங்கள் கார் அவ்வளவு எடை இருக்காது. ஆனால் முன்னால் ஒரு லாரி போனால், அது அக்கரையில் இறங்கும்வரை காத்திருங்கள்.

ஏறும் முன் எதைப் பார்ப்பது? இறங்கி நடந்து பாருங்கள். உடைந்த பலகை, துருத்திய ஆணி கண்ணில் படும். அதைவிட முக்கியம், பாலம் கரையில் அமரும் இடம். அங்கே மண் அரித்திருந்தால், பலகை புதிதாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

கூட வந்தவர்கள் முதலில் நடந்து கடக்கட்டும். ஒருவர் அக்கரையில் நின்று சக்கரத்தைப் பார்த்துக் கைகாட்டினால் உங்களுக்குப் பெரிய துணை. முதல் கியரில், ஒரே சீராக, நிற்காமல் ஓட்டுங்கள். நீளவாக்கில் பலகை அடித்திருந்தால் சக்கரம் அதன்மேலேயே உருளட்டும்.

பைக்கில் போகிறீர்களா? நீளவாக்கு இடுக்கில் டயர் சிக்கினால் கீழே தள்ளிவிடும். பலகையின் நடுவிலேயே போங்கள். மழையோ உறைபனியோ பட்ட மரம் வழுக்கும். அப்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமே இல்லை.

இரும்பே இல்லாமல் ஊரார் மரக்கட்டை போட்டுக் கட்டிய பாலமானால்? முகப்பில் எடை எழுதியிருக்காது. அக்கம்பக்கத்தில் கேளுங்கள். பனி உருகி வரும் ஆறு பிற்பகலில் பெருகும் என்பதால் காலையிலேயே கடந்துவிடுங்கள். உள்ளூர் ஜீப்காரர் ஏறத் தயங்கும் பாலத்தில் நீங்களும் ஏறாதீர்கள்.