கொட்டகைக் கதவு: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

அமெரிக்காவில் வாழும் நம் பிள்ளைகள் பலரின் வீடுகளில் கார்க் கொட்டகையின் கதவை மோட்டார் இயந்திரமே ஏற்றி இறக்குகிறது. அது பழுதுற்றால் உடனே புதிது வாங்க விரைய வேண்டியதில்லை.

இறங்கும் கதவு பாதியில் மீண்டும் மேலேறுகிறதா? இருபுறமும் தரையருகே உள்ள ஒளிக்கண்களைத் துடைத்து, நேர்ப்படுத்திப் பாருங்கள். மோட்டார் ஓடியும் கதவு அசையவில்லையா? உள்ளிருக்கும் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். அதை மட்டும் மாற்றலாம். சுருள்வில் முறிந்திருப்பின் குற்றம் இயந்திரத்தினுடையதன்று. பெரும் விசை அடங்கிய அவ்வில்லைத் தொடாதீர்கள், பயின்றவரை அழையுங்கள்.

ஆனால், ஒளிக்கண் முதலிய காப்பு இல்லாத பழைய இயந்திரமாயின் மாற்றியே ஆக வேண்டும். கதவின் கீழ் நசுங்கிக் குழந்தைகள் மாண்டதனாலேயே, 1993 ஜனவரி முதல் தயாராகும் இயந்திரங்களுக்கு அக்காப்பை அந்நாட்டுச் சட்டம் கட்டாயமாக்கியது.

எந்த இயந்திரமாயினும், ஒன்றரை அங்குல உயர மரக்கட்டையைக் கதவின் கீழ் வைத்து மாதந்தோறும் சோதியுங்கள். கட்டையில் பட்டதும் கதவு மேலேற வேண்டும். சீர்செய்த பின்னும் ஏறவில்லையேல், அதனை வைத்திருப்பது சிக்கனமன்று. சிறு பழுதுக்காகப் புதிது வாங்குவது வீண்விரயம். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வாசலில் காசு பார்ப்பதோ பேராபத்து.