ஆஸ்பத்திரியில் பிரசவம் நடந்தால் மட்டும் போதுமா? தாய், சேய் உயிரைத் தீர்மானிக்கும் அடுத்த ஒரு மணி நேரம்!

"ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துட்டா போதும், மத்ததை அவங்க பாத்துப்பாங்க." பிரசவம் பற்றி நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லப்படும் வார்த்தை இது. இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது.

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 88.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. தமிழ்நாட்டில் இது 99 சதவிகிதத்துக்கும் மேல். 2005-ல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா யோஜனா, 108 ஆம்புலன்ஸ், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் எனப் பல ஆண்டு உழைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது.

சரி, அப்போ பிரச்னை எங்கே?

எல்லோரும் ஆஸ்பத்திரிக்குத்தான் போறாங்க, ஆனாலும்...

பிரசவ கால மரணங்களை, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது எத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள் என்ற கணக்கில் பார்ப்பார்கள். 2018-20 காலகட்டத்துக்கான மாதிரிப் பதிவு அமைப்பின் கணக்குப்படி, இந்தியாவில் இது 97. தமிழ்நாட்டில் 54. கேரளாவில் 19.

தமிழ்நாடு, கேரளா இரண்டிலுமே கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனாலும் இவ்வளவு இடைவெளி. ரத்தசோகை, சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு எனக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ஒன்று தெளிவு: 'எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்' என்ற எண்ணிக்கை மட்டும் முழுக் கதையையும் சொல்லாது.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும் என்பது எல்லா மருத்துவமனைச் சுவர்களிலும் எழுதியிருக்கும் வாசகம். அதே குடும்ப நல ஆய்வில், இந்திய அளவில் அப்படிச் சீம்பால் கிடைத்த குழந்தைகள் 41.8 சதவிகிதம்தான். இதற்கு விலை உயர்ந்த மெஷின் எதுவும் வேண்டாம். குழந்தையை அம்மாவின் மார்பில் போட்டு, பக்கத்தில் நின்று உதவ ஓர் ஆள் போதும். அதுவே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நடக்கவில்லை.

இது இந்தியாவின் சிக்கல் மட்டுமல்ல. 137 ஏழை, நடுத்தர வருமான நாடுகளை ஆராய்ந்து 2018-ல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை, எல்லா நோய்களையும் சேர்த்து ஒரு கணக்கு சொன்னது. சிகிச்சையால் தடுத்திருக்கக்கூடிய மரணங்களில், மருத்துவமனைக்கே வராததால் நேர்ந்தவை ஆண்டுக்குச் சுமார் 36 லட்சம். வந்தும் தரமான சிகிச்சை கிடைக்காததால் நேர்ந்தவை சுமார் 50 லட்சம்.

கண்ணால் பார்த்தால் ஏமாற்றும் ரத்தம்

உலகம் முழுக்கப் பிரசவத்தில் பெண்கள் இறப்பதற்கு முக்கியக் காரணம், குழந்தை பிறந்த பிறகு ஏற்படும் அதிக ரத்தப்போக்கு. 500 மில்லி அல்லது அதற்கு மேல் ரத்தம் போனால் ஆபத்துக் கட்டம் என்பது நீண்ட காலமாக இருக்கும் அளவுகோல். ஆனால் 500 மில்லி போனது எப்படித் தெரியும்? பெரும்பாலான இடங்களில் நர்ஸோ டாக்டரோ கண்ணால் பார்த்து மதிப்பிடுவார்கள். துணியிலும் பஞ்சிலும் ஊறிய ரத்தம் அளவில் குறைவாகவே தெரியும். 'கொஞ்சம்தான்' என்று நினைக்கும்போதே நிலைமை கைமீறிவிடும்.

இதற்கு ஓர் எளிய தீர்வைச் சோதித்தது 'இ-மோட்டிவ்' ஆய்வு. பிரசவம் முடிந்ததும் தாயின் இடுப்புக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வைப்பார்கள். ரத்தம் அதன் பை போன்ற பகுதியில் சேரும். பையில் அளவுக் கோடுகள் இருக்கும். ரத்தம் கோட்டைத் தொட்டால் யோசனையே இல்லை. கர்ப்பப்பையை மசாஜ் செய்வது, அதைச் சுருங்க வைக்கும் மருந்து, ரத்தம் உறைய உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப்ஸ், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று பரிசோதிப்பது என எல்லாம் அடுத்தடுத்து உடனே தொடங்கும். முன்பு இவற்றை ஒன்று பலிக்கிறதா என்று பார்த்து, பிறகு அடுத்தது என்று செய்வது வழக்கம். அந்தக் காத்திருப்பில்தான் நேரம் போய்விடுகிறது.

கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்காவில் 80 மருத்துவமனைகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். 2023-ல் வந்த முடிவு: வழக்கமான முறையில் ரத்தப்போக்கு ஏற்பட்டவர்களில் 51 சதவிகிதம் பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அளவு விரிப்பு வந்த இடங்களில் 93 சதவிகிதம். கடுமையான ரத்தப்போக்கு உள்ளிட்ட மோசமான விளைவுகள் 60 சதவிகிதம் குறைந்தன. அந்த ஆண்டு இறுதியில் உலக சுகாதார நிறுவனமும் இந்த முறையைப் பரிந்துரைத்தது.

அப்போ செக்லிஸ்ட் கொடுத்துட்டா போதுமா?

இங்கேதான் உத்தரப் பிரதேசம் ஒரு பாடம் சொல்கிறது. பிரசவ அறையில் கை கழுவுவதில் தொடங்கி, டிஸ்சார்ஜ் வரை செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்ட 'பாதுகாப்பான பிரசவ செக்லிஸ்ட்' அங்கே 120 மருத்துவமனைகளை உள்ளடக்கிய ஆய்வில் சோதிக்கப்பட்டது. பாதி மருத்துவமனைகளில் செக்லிஸ்ட்டுடன், நர்ஸ்களுக்கு 8 மாதங்கள் பயிற்சியாளர்கள் நேரில் வந்து வழிகாட்டினார்கள். மொத்தம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் கணக்கில் வந்தன.

நடைமுறைகள் மேம்பட்டன. பயிற்சி தொடங்கிய 2 மாதத்தில், செய்ய வேண்டியவற்றில் சுமார் 73 சதவிகிதம் செய்யப்பட்டது. மற்ற மருத்துவமனைகளில் அது 42 சதவிகிதம்தான். ஆனால் பயிற்சியாளர்கள் போன பிறகு, 12-வது மாதத்தில் 62 சதவிகிதமாக இறங்கியது. முக்கியமாக, தாய், சேய் மரணங்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை.

செக்லிஸ்ட் ஞாபகப்படுத்தும், ரத்தம் தேவைப்படும்போது ரத்த வங்கியாக மாறாது. மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் நிமிடத்தில் மூச்சு கொடுக்கும் கைப்பழக்கத்தையும் தராது. ஆள், மருந்து, திறமை, மேல் சிகிச்சைக்கு அனுப்பும் வசதி எல்லாம் சேர்ந்தால்தான் அது 'தரம்'.

குழந்தைக்கு இன்குபேட்டரா, அம்மாவா?

எடை குறைந்து பிறந்த குழந்தையை உடனே அம்மாவிடமிருந்து பிரித்துத் தனி வார்டுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். 'உடல்நிலை சீரானதும் அம்மாவிடம் கொடுக்கலாம்' என்பார்கள். டெல்லியில் ஒன்று உட்பட 5 நாடுகளின் 5 மருத்துவமனைகளில் இதை மாற்றிப் பார்த்தார்கள். 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, காத்திருக்காமல் உடனே அம்மாவின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும் 'கங்காரு' முறை. தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே அம்மாவுக்கும் படுக்கை.

2021-ல் முடிவு வெளியானது. வழக்கமான முறையில் 28 நாட்களுக்குள் 15.7 சதவிகிதக் குழந்தைகள் இறந்தன. உடனடி கங்காரு முறையில் 12 சதவிகிதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

தமிழ்நாடு எங்கே நிற்கிறது?

ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் 'ஏன் நடந்தது' என்று தணிக்கை செய்யும் பழக்கம் தமிழ்நாட்டில் 1990-களிலேயே தொடங்கிவிட்டது. அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கும் திட்டம் 2004-ல் வந்தது. பிரசவ அறைகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் மத்திய அரசின் 'லக்ஷ்யா' திட்டமும் 2017 முதல் இருக்கிறது.

அதே சமயம், ஐந்தாவது குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டின் சிசேரியன் விகிதம் சுமார் 45 சதவிகிதம். தேசிய சராசரி 21.5 சதவிகிதம். தேவைப்படும்போது சிசேரியன் உயிர் காக்கும். தேவையில்லாதபோது ரத்தப்போக்கு, தொற்று அபாயத்தைக் கூட்டும். அதிக சிகிச்சை என்பதும் தரக்குறைவுதான்.

குடும்பம் என்ன கேட்கலாம்?

ஆஸ்பத்திரியை முடிவு செய்யும்போது ரூம் வாடகை, பேக்கேஜ் விசாரிப்பதோடு இவற்றையும் கேளுங்கள்:

- ராத்திரியில் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் இருப்பார்களா? அவசரத்துக்கு ரத்தம் எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் வரும்?
- பிரசவத்துக்குப் பிறகு போகும் ரத்தத்தை எப்படி அளக்கிறீர்கள்?
- பிரசவ அறையில் துணைக்கு ஓர் ஆள் இருக்கலாமா?
- சிசேரியன் என்றாலும், முதல் மணி நேரத்தில் குழந்தையை அம்மாவிடம் கொடுப்பீர்களா?
- எடை குறைந்து பிறந்தால் கங்காரு பராமரிப்பு வசதி உண்டா?

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் தேவை. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைவது, கடுமையான தலைவலி, பார்வை மங்குவது, வலிப்பு, காய்ச்சல் ஆகியவை தாய்க்கு ஆபத்து அறிகுறிகள். பால் குடிக்காதது, வேகமாக மூச்சு வாங்குவது, உடம்பு சில்லிடுவது, உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சளாவது ஆகியவை குழந்தைக்கு. 'காலையில் பாத்துக்கலாம்' என்று விடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

இந்தக் கேள்விகளைக் கேட்டால் டாக்டர் கோபப்படுவாரோ என்ற தயக்கம் வரலாம். தயாராக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு இவற்றுக்குப் பதில் சொல்ல 2 நிமிடம்கூட ஆகாது.